அடியனும் சங்கமும்: சாதுஜன பரிபாலன சங்கத்தை நடத்தியவர்கள்

திருவனந்தபுரம் கோட்டையை ஒட்டிய ஸ்ரீவராகத்தில் வராகமூர்த்தி கோயிலும் அதன் பெரிய குளமும் இன்று எவரும் நடந்து கடக்கும் இடங்கள். நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் இத்தகைய கோயில் தெருக்களில் யார் நடக்கலாம் என்பதைச் சாதியே தீர்மானித்தது. பொதுச்சாலைகள் எல்லோருக்கும் உரியவை என்ற திருவிதாங்கூர் அரசின் அறிவிப்பு 1860களிலேயே வந்துவிட்டது. ஆனால் அறிவிப்பு காகிதத்தில் இருந்தது. தெரு தெருக்காரர்களிடம் இருந்தது. கோட்டைக்குத் தெற்கே அரைநாள் நடைத் தொலைவில் விழிஞ்ஞம் கடற்கரைக்கு அருகே உள்ள வெங்கானூரிலிருந்து தலைநகருக்குள் வரவேண்டிய ஒரு புலையர் உழவருக்கு, சாலையைவிட வயல் வரப்பே பழக்கமான பாதை.

அந்த வெங்கானூரில் 1863 ஆகஸ்ட் 28 அன்று பிறந்தவர் அய்யன்காளி. இப்பெயரை ஒரே சொல்லாக எழுதுவது பிற்கால வழக்கம். தந்தையின் பெயர் அய்யன், மகனின் பெயர் காளி. அரசுப் பதிவுகளில் ‘அய்யன் காளி’ என்று இரு சொல்லாகவே காணப்படுகிறது. அவர் தலைமையில் 1907இல் உருவான சாதுஜன பரிபாலன சங்கம், தென்னிந்தியாவில் ஒடுக்கப்பட்டோர் தாமே தொடங்கித் தாமே நடத்திய முன்னோடி அமைப்புகளில் ஒன்று. அய்யன்காளியைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் வீரச்செயல்களின் வரிசையாகவே அமைகின்றன: வில்லுவண்டி, கலகம், வேலைநிறுத்தம். சங்கம் என்ற அமைப்பை யார் நடத்தினார்கள், எழுத்தறியாத ஒருவர் மனுக்களாலும் ஆணைகளாலும் இயங்கும் ஓர் அரசோடு எவ்வாறு வாதாடினார், அந்த அமைப்பு ஏன் ஒரு தலைமுறைக்குள் சிதறியது என்ற கேள்விகள் அவ்வரிசையில் அடங்குவதில்லை.

முதலில் மொழியைப் பார்க்க வேண்டும். திருவிதாங்கூரில் 1855இல் அடிமைமுறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆனால் அடிமையின் இலக்கணம் ஒழியவில்லை. திருவனந்தபுரத்தில் பணியாற்றிய இலண்டன் மிஷன் போதகர் சாமுவேல் மட்டீர், 1871இல் வெளியிட்ட தம் நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார். மேற்சாதியார் முன் புலையர் ‘ஞான்’ என்று சொல்லக்கூடாது. ‘அடியன்’ என்றே சொல்ல வேண்டும். தாம் உண்ணும் சோற்றைச் சோறு எனலாகாது. ‘கரிக்காடி’ என வேண்டும். வீட்டைக் குடிசையைக் குறிக்கும் இழிசொல்லாலும், பிள்ளைகளைக் குரங்குகள் என்றோ கன்றுகள் என்றோ குறிக்க வேண்டும். உடலுறுப்புகளுக்கு முன்னும் ‘பழைய’ என்ற அடைமொழியைச் சேர்க்க வேண்டும். தமிழில் ‘அடியேன்’ பக்தியின் பணிவுச்சொல்லாகி விட்டதால், அதன் மறுமுகத்தைக் காண்பது நமக்குச் சற்றுக் கடினம். மலையாளக் கரையில் அது சொல்லுக்குச் சொல் நில உடைமையின் கணக்கு. தன்மை ஒருமைப் பெயரைப் பயன்படுத்தும் உரிமை மறுக்கப்பட்டவர்கள் ஓர் அமைப்பைத் தொடங்குவதென்றால், அவர்கள் முதலில் ‘நாங்கள்’ என்று சொல்லக் கற்க வேண்டியிருந்தது.

சங்கத்தின் பெயரை இப்பின்னணியில்தான் படிக்க வேண்டும். தமிழில் ‘சாது’ என்றால் துறவி, அல்லது வம்புதும்புக்குப் போகாதவர். மலையாள வழக்கில் ‘சாது’ ஏழை, கதியற்றவர். எனவே ‘சாதுஜனம்’ என்பது பிறப்பைச் சுட்டாமல் நிலையைச் சுட்டும் சொல். புலையர், பறையர், குறவர் என எவரும் அதனுள் வரலாம், கிறிஸ்தவரானவரும் வரலாம். ‘பரிபாலனம்’ அரசர்களுக்குரிய சொல். நாட்டைப் பரிபாலிப்பவன் மன்னன். 1903இல் நிறுவப்பட்ட ஸ்ரீநாராயண தர்ம பரிபாலன யோகம் அச்சொல்லை முன்பே கையாண்டிருந்தது. ஈழவர் அமைப்பின் பெயர்வடிவத்தை இவர்கள் எடுத்துக்கொண்டார்கள் என்பது வெளிப்படை. ஆனால் அங்கே பரிபாலிக்கப்படுவது தர்மம், இங்கே மக்கள். அரசு தம்மைக் காக்கவில்லை என்ற குற்றச்சாட்டும், தம்மைத் தாமே காத்துக்கொள்ளும் துணிவும் அந்த ஒரே தொடருக்குள் இருக்கின்றன.

1907 தமிழ்நாட்டு ஆய்வாளர்களுக்குப் பழக்கமான ஆண்டு. அவ்வாண்டு ஜூன் 19 அன்றுதான் சென்னை இராயப்பேட்டையில் அயோத்திதாசர் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கினார். பதினான்கு ஆண்டுகள் முன்னே சென்றால் மற்றோர் இணை கிடைக்கிறது. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னையில் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். அதே ஆண்டில் அய்யன்காளி காளைகள் பூட்டிய வில்லுவண்டியை விலைக்கு வாங்கி, மேல்துணியும் தலைப்பாகையும் அணிந்து, தடுக்கப்பட்ட சாலையில் ஓட்டினார். இரண்டிடத்துக் கோரிக்கையும் ஒன்றே, கருவிகள் வேறு. சென்னையில் வெள்ளையர் வீட்டுப் பணி, மிஷன் பள்ளி, அச்சுக்கூடம் ஆகியவை ஓர் எழுத்தறிந்த தலைமுறையை உருவாக்கியிருந்தன. தென் திருவிதாங்கூரின் வயல்களில் மிஷன் தொடாத புலையர் குடும்பங்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அய்யன்காளிக்குக் கையொப்பம் மட்டுமே தெரியும். அதையும் வளர்ந்த பின்பே கற்றார். அயோத்திதாசர் வரலாற்றை மாற்றி எழுதினார் என்றால், அய்யன்காளி ஒரு வண்டியை எழுதினார் என்று சொல்லத் தோன்றும். அப்படிச் சொல்வது அழகாக இருக்கும். ஆனால் பாதி உண்மை மட்டுமே. ஏனெனில் எழுத்து அவருக்கும் தேவைப்பட்டது, அதை அவர் திட்டமிட்டே தேடினார்.

வண்டிக்கும் சங்கத்துக்கும் இடையில் 1898 இருக்கிறது. பாலராமபுரத்தில், தமிழ்ப் பகுதிகளிலிருந்து அழைத்துவரப்பட்டு நெசவுக்காகக் குடியமர்த்தப்பட்ட சாலியர் தெருவில், சந்தையை நோக்கி நடந்த அய்யன்காளியின் கூட்டத்தை ஊரார் வழிமறித்தார்கள். கைகலப்பில் இருபக்கமும் இரத்தம் சிந்தியது. மோதல் சுற்றூர்களுக்கும் பரவியது. உடல்வலிமையால் சாலையை வெல்லலாம் என்பதை இம்மோதல் காட்டியது. பள்ளிக்கூடம் வேறு வகையான கதவு. அதற்கு ஆணை வேண்டும், ஆணைக்கு மனு வேண்டும், மனுவுக்கு எழுதுபவர் வேண்டும்.

சங்கத்தின் தலைமையை ஒரு தனிமனிதராகக் காண முடியாமற் போவது இந்த இடத்தில்தான். தாமஸ் வாத்தியார், ஹாரிஸ் வாத்தியார் என்று பதிவுகளில் வரும் இருவர் ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து கிறிஸ்தவம் தழுவிய ஆசிரியர்கள். எழுத்தறிந்த இவர்கள் தொடக்க காலத்திலேயே அய்யன்காளியோடு நின்றார்கள். (‘வாத்தியார்’ என்ற அடைமொழி அவர்களுக்குப் பெயராகவே நின்றுவிட்டது, ஆசிரியர் என்ற பதவி ஒரு புலையருக்குக் கிடைத்தால் அது பெயரின் பகுதியாகிவிடும் அளவு அரிது.) சங்கத்தின் இதழான ‘சாதுஜன பரிபாலினி’யை 1910களில் சங்ஙனாச்சேரிப் பகுதியிலிருந்து நடத்தியவர் காளிச்சோதிக் கறுப்பன். வெள்ளிக்கரைச் சோதி, குறும்பன் தெய்வத்தான் போன்றோர் மத்தியத் திருவிதாங்கூரில் சங்கத்தின் பணிகளை முன்னெடுத்துப் பின்னர்ப் பிரஜா சபைக்கும் சென்றார்கள். ஊர்தோறும் கிளைகள், ஞாயிறுதோறும் கூட்டம். வாரத்தில் ஒருநாள் ஓய்வு என்பது வயல்வேலை செய்வோர் கேட்டிராத ஒன்று. சங்கத்தின் கூட்டமே அந்த ஓய்வுநாளை உருவாக்கிற்று. வெங்கானூரில் சங்கம் தன் மக்களுக்குள் எழும் வழக்குகளைத் தீர்க்கச் சமுதாய நீதிமன்றம் ஒன்றையும் நடத்தியது. பரிபாலனம் என்ற சொல் வெறும் அலங்காரமாக நின்றுவிடவில்லை.

எழுத்துக்கான போராட்டம் சங்கம் பிறப்பதற்கு முன்பே தொடங்கிவிட்டது. வெங்கானூரில் அய்யன்காளி சொந்த முயற்சியில் கட்டிய முதல் குடிப்பள்ளி திறந்த அன்றே எரிக்கப்பட்டது, மீண்டும் கட்டப்பட்டது. பின்னர் அரசு அனுமதியுடன் பள்ளி அமைந்தபோது, அங்கே கற்பிக்க உள்ளூரில் யாரும் முன்வரவில்லை. திருவனந்தபுரம் கைதமுக்கைச் சேர்ந்த பரமேஸ்வரன் பிள்ளை வந்தார்; சங்கத்து ஆட்கள் துணைக்கு நடந்து அவரை அழைத்து வந்து திரும்பக் கொண்டுபோய் விட்டார்கள். பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காவிட்டால் வயலில் இறங்கமாட்டோம் என்ற உழவுத் தொழிலாளர் வேலைநிறுத்தமும் இக்காலத்ததே. அது நடந்த ஆண்டு குறித்து வரலாற்றாளர்கள் ஒத்துப்போவதில்லை. கூலி இல்லாத மாதங்களில் விழிஞ்ஞம் மீனவர்களின் படகுகளில் வேலை செய்து பிழைத்தார்கள் என்று வாய்மொழி மரபு கூறுகிறது. இறுதியில் கண்டல நாகம் பிள்ளை என்ற நடுவர் முன்னிலையில் உடன்பாடு ஏற்பட்டது. இந்தியாவில் கூலிக்காக நடந்த வேலைநிறுத்தங்கள் பல. கல்வியை முதன்மைக் கோரிக்கையாக வைத்து நிலமற்றோர் நடத்தியது இதைப்போல் வேறொன்று இருப்பின் அது மிக அரிது.

1910இல் திவான் பி. இராஜகோபாலாச்சாரியின் நிர்வாகம் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளை அரசுப் பள்ளிகளில் சேர்க்க ஆணையிட்டது. இதை எதிர்த்து எழுதியவர்களில் ‘சுதேசாபிமானி’ ஆசிரியர் இராமகிருஷ்ண பிள்ளையும் ஒருவர். பல தலைமுறைகளாக அறிவை உழுதவர்களையும் நிலத்தை உழுதவர்களையும் ஒன்றாக அமர்த்துவது குதிரையையும் எருமையையும் ஒரே நுகத்தில் பூட்டுவதற்கு ஒப்பாகும் என்பது அவர் வாதத்தின் சாரம். அதே ஆண்டு செப்டம்பரில் அச்சகம் பறிமுதலாகி அவர் நாடுகடத்தப்பட்டார். பத்திரிகைச் சுதந்திரத்தின் தியாகியாகக் கேரளம் அவரை இன்றும் போற்றுகிறது. அவர் ஊழல்வாதியெனச் சாடிய திவான்தான் புலையர் பிள்ளைகளுக்குப் பள்ளியைத் திறந்தவர். இருவரில் ஒருவரை நல்லவராகவும் மற்றவரைத் தீயவராகவும் வைத்து இந்த வரலாற்றை எழுதுவது இயலாது. எழுத முயன்ற நூல்கள் இரண்டில் ஒன்றை மறைக்க நேர்ந்திருக்கிறது.

ஆணை வந்தும் கதவு திறக்கவில்லை. 1914இல் ஊரூட்டம்பலம் பள்ளியில் பூசாரி அய்யனின் மகள் பஞ்சமியை அய்யன்காளி நேரில் அழைத்துச் சென்று அமர்த்தினார். அவள் அமர்ந்ததால் தீட்டுப்பட்டதென்று பள்ளி எரிக்கப்பட்டது. கலவரம் நெய்யாற்றின்கரை வட்டத்தின் பல ஊர்களில் பரவியது. அன்று எரிந்ததில் எஞ்சிய ஒரு பெஞ்சு அப்பள்ளியில் பாதுகாக்கப்படுகிறது. சங்கத்தின் வரலாற்றில் பெயரோடு நிற்கும் பெண் ஏறத்தாழ இச்சிறுமி ஒருத்தியே. ஞாயிற்றுக்கூட்டங்களில் அமர்ந்தவர்களில் பெண்கள் நிறையப் பேர் இருந்தார்கள். தலைவர்கள் பட்டியலில் அவர்கள் இல்லை. அடுத்த ஆண்டு கொல்லத்துக்கு அருகே பெரிநாட்டில் கல்மாலையைக் கழற்றியெறிந்தவர்களும் பெண்கள்தாம். அடிமையின் அடையாளமாகக் கழுத்தில் சுமந்த அம்மாலையை விட்டதற்காக அவர்களுடைய குடிசைகள் எரிக்கப்பட்டன. அங்கே முன்னின்றவர் கோபாலதாசன். பின்னர் 1915 டிசம்பரில் கொல்லத்தில் சங்ஙனாச்சேரி பரமேஸ்வரன் பிள்ளை தலைமையில் கூடிய பெருங்கூட்டத்தில், அய்யன்காளி கேட்டுக்கொண்டதற்கிணங்க, பெண்கள் மேடையருகே வந்து மாலைகளை அறுத்துக் குவித்தார்கள். கலவர வழக்குகளில் வாதாடிய வழக்கறிஞர் இலஞ்ஞிக்கல் ஜானுக்குக் கட்டணம் தரப் பணமில்லாததால், வழக்கில் சிக்கியவர்கள் அவருக்காக ஒரு குளம் வெட்டிக் கொடுத்தார்கள் என்றும், கொல்லத்தில் கம்மான்குளம் என அறியப்பட்டது அதுவே என்றும் சொல்லப்படுகிறது. சங்கத்தின் நிதிநிலை அறிக்கை என ஒன்று உண்டெனில் அந்தக் குளத்தை அதில் முதல் வரியாக எழுதலாம்.

இனிப் பிரஜா சபை. ஸ்ரீமூலம் பிரஜா சபை 1904இல் அமைக்கப்பட்டது. ஆண்டுக்கொருமுறை கூடி அரசிடம் குறைகளைச் சொல்லும் ஆலோசனை மன்றம் அது. கூடிய இடம் பாளையத்தில் உள்ள விக்டோரியா ஜூபிலி டவுன்ஹால். நிலவரி செலுத்துவோருக்கும் பட்டதாரிகளுக்கும் ஏற்ற வடிவில் அமைந்த அவையில் நிலமற்றோர் தேர்தல்வழி நுழைய வாய்ப்பில்லை. 1911இல் புலையரின் குறைகளைச் சொல்ல நியமிக்கப்பட்டவர் ‘சுபாஷிணி’ இதழாசிரியர் பி.கே. கோவிந்தப்பிள்ளை. அவர் புலையரல்லர். புறம்போக்கு நிலத்தைப் புலையருக்குப் பதித்துக் கொடுக்க வேண்டும் என்று வாதிட்டார். பிறருக்காகப் பேச அமர்த்தப்பட்டவர்கள் பெரும்பாலும் அந்த நாற்காலியைத் தமக்கே வைத்துக்கொள்வது வழக்கம். கோவிந்தப்பிள்ளை வேறு வழி கண்டார்: இச்சமூகத்தின் குறையைச் சொல்ல இச்சமூகத்திலிருந்தே ஒருவரை நியமிக்க வேண்டும் என்று அவர் அவையில் கேட்டுக்கொண்டார். அந்த ஆண்டு டிசம்பரில் அய்யன்காளி உறுப்பினராக அறிவிக்கப்பட்டார். சமூகநீதி அமைப்புகளின் வரலாற்றில் மேலிருந்து வந்த நண்பர்கள் பலர் உண்டு. தம் இடத்தை ஒழித்துக் கொடுத்தவர்கள் சிலரே. இவர் பெயர் இன்னும் சற்று உரக்கச் சொல்லப்பட வேண்டியது.

1912இல் அய்யன்காளி அவையில் முதன்முறை பேசினார். தம் சமூகத்திலிருந்து ஒருவரை நியமித்ததற்கு நன்றி சொல்லித் தொடங்கி, குடியிருக்கவும் பயிரிடவும் நிலம் கேட்டார். பின்வந்த ஆண்டுகளில் பள்ளிச் சேர்க்கை, கட்டணச் சலுகை, அரசுப்பணி என்று கோரிக்கைகள் நீண்டன. அவை நடவடிக்கைகள் ஆங்கிலத்தில், படர்க்கையில் அச்சிடப்பட்டன. உறுப்பினர் இவ்வாறு கூறினார், இவ்வாறு வேண்டினார் என்பதே அதன் நடை. ஆகையால் மட்டீர் பதிவு செய்த அந்த ‘அடியன்’ மகாராஜாவின் அவையில் என்னவாயிற்று என்பது அச்சில் தங்கவில்லை. நாயர் உறுப்பினரும் பிராமண உறுப்பினரும் புலையர் உறுப்பினரும் அந்தப் பக்கங்களில் ஒரே இலக்கணத்தில் நிற்கிறார்கள். அதிகார மொழியின் தட்டையான நடை ஒருவகையில் சமத்துவம் தந்தது. அதே நடை, சமத்துவத்துக்காகக் கொடுத்த விலையைக் கண்ணுக்குத் தெரியாமலும் செய்தது.

அய்யன்காளி இருபது ஆண்டுகளுக்கு மேல் உறுப்பினராக இருந்தார். இந்த நியமனமே சங்கத்தின் பலமாயிற்று. சங்கம் பிளந்ததிலும் அதற்குப் பங்குண்டு. அரசு ‘சாதுஜனம்’ என்ற பிரிவை அறியாது. அது அறிந்தது புலையர், பறையர், குறவர் என்ற சாதிகளை. குறைகளைச் சொல்ல ஒவ்வொரு சாதிக்கும் ஓர் உறுப்பினர் என்றானபோது, ஒவ்வொரு சாதிக்கும் ஒரு சங்கம் வேண்டியதாயிற்று. பறையர்களுக்குக் கண்டன் குமாரன் தனி அமைப்பு கண்டு அவைக்குச் சென்றார். பொய்கையில் யோஹன்னான், தேவாலயங்களுக்குள்ளும் சாதி நிற்பதைக் கண்டு வெளியேறி, பிரத்யட்ச ரட்சா தெய்வ சபையை நிறுவி, 1921இலும் 1931இலும் உறுப்பினரானார். முதல் உலகப்போர்க் காலத்தில் படையில் பணிபுரிந்து திரும்பிய பாம்பாடி ஜான் ஜோசப் 1921இல் சேரமர் மகாஜன சபையைத் தொடங்கினார். இந்துவாக இருந்தாலும் கிறிஸ்தவராக இருந்தாலும் புலையர் ஒரே மக்கள் என்பது அவர் நிலைப்பாடு. மதத்தைக் கடந்த அந்த ஒற்றுமை, சாதியைக் கடந்த பழைய ஒற்றுமையின் இடத்தை எடுத்துக்கொண்டது.

‘சேரமர்’ என்ற பெயரும் கவனத்துக்குரியது. ‘புலையர்’ என்பதைப் ‘புலம்’ என்ற வயற்சொல்லிலிருந்து வருவித்து, நிலத்துக்கு உரியவர் எனப் பொருள் காண்பது சீர்திருத்த எழுத்துகளில் பரவலான வழக்கம். சொற்பிறப்பியல் இதற்கு இடம் தருவது கடினம். திராவிட மொழிகளில் இச்சொல் ‘புலை’யோடுதான் சேர்கிறது. புறநானூற்றிலும் ‘புலையன்’ வருகிறான், துடிகொட்டுபவனாக, உழவனாக அல்ல. ஆனால் ஜான் ஜோசப் செய்தது சொற்பிறப்பு ஆராய்ச்சி அன்று. பிறர் வைத்த பெயரை விலக்கிவிட்டுச் சேரநாட்டின் பெயரையே தம் பெயராக்குவது ஓர் உரிமைக்கோரிக்கை. அதை அகராதியால் மறுக்கவும் இயலாது, நிறுவவும் தேவையில்லை. இழப்பு வேறிடத்தில் இருந்தது. நிலையைச் சுட்டிய ‘சாதுஜனம்’ எவரையும் உள்ளே விட்டது. மரபைச் சுட்டிய ‘சேரமர்’ தன்மதிப்பைத் தந்து, வாசலைக் குறுக்கியது. 1930களில் அய்யன்காளியின் மருமகன் டி.டி. கேசவன் சாஸ்திரி முன்னின்றபோது, அமைப்பின் பெயரிலேயே புலையர் என்ற சொல் ஏறிவிட்டது.

1936 நவம்பர் 12 அன்று சித்திரைத் திருநாள் மகாராஜாவின் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளியாயிற்று. அரசின் கட்டுப்பாட்டில் இருந்த கோயில்களின் கதவுகள் இந்துக்கள் அனைவருக்கும் திறந்தன. இரண்டு மாதங்களில், 1937 ஜனவரி 14 அன்று, அந்நிகழ்வைக் கொண்டாடும் பயணத்தில் காந்தி வெங்கானூருக்கு வந்தார். அய்யன்காளிக்கு அப்போது வயது 73, ஆஸ்துமாவால் தளர்ந்திருந்தார். காந்தி அவரைப் புலையராஜா என்று அழைத்தார். கூட்டத்தில் பேச்சு கோயிலைப் பற்றியே இருந்தது. தமக்கு என்ன வேண்டும் என்பதற்கு அய்யன்காளி சொன்ன பதில் என்று மரபு நினைவில் வைத்திருப்பதில் கோயில் இல்லை: சாவதற்குள் தம் மக்களில் பத்துப் பேராவது பி.ஏ. தேறியதைப் பார்க்க வேண்டும். நான்கு ஆண்டுகளுக்குப்பின், 1941 ஜூன் 18 அன்று, அவர் வெங்கானூரில் காலமானார்.